குறிப்புக் கட்டத்தில் ஒரு வரி

அண்ணனும் தம்பியும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தார்கள். குடியிருப்பதும் ஒரே வீடு. கீழே அண்ணன் குடும்பம், மாடியில் தம்பி குடும்பம். பேக்கரிகளுக்கு அடுப்பும் மாவு பிசைகிற மெஷினும் விற்கிற கம்பெனி அது. ஆபீஸில் அவர்களை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூத்தவர், இளையவர், அவ்வளவுதான். மூத்தவரின் மனைவிக்கும் அதே ஆபீஸில்தான் வேலை. ஜன்னலோர மேஜை, ஒரு கம்ப்யூட்டர், முதுகு வலிக்கு ஒரு மடித்த துண்டு. அவளை எல்லாரும் கார்டக்கா என்றார்கள்.

அந்தப் பேர் வந்ததற்குக் காரணம் இருந்தது. முன்பெல்லாம் வாடிக்கையாளர் விவரம் தகரப் பெட்டிகளில் அட்டை அட்டையாக இருக்கும். கம்பெனி புதிதாக ஒரு சாஃப்ட்வேர் வாங்கியபோது, ஆயிரத்துத் தொள்ளாயிரம் அட்டைகளையும் எட்டு மாதம் உட்கார்ந்து தட்டி ஏற்றியவள் அவள்தான். ஒவ்வொரு கடைக்கும் திரையில் ஒரு கார்டு. பேர், விலாசம், போன் நம்பர், எந்த வருஷம் எந்த மெஷின் வாங்கினார், எப்போது பெல்ட் மாற்றினோம், அடுத்து எப்போது போன் பண்ண வேண்டும் என்கிற நினைவூட்டல். மேலே வலது மூலையில் 'பொறுப்பாளர்' என்று ஒரு கட்டம். அதில் யார் பேர் இருக்கிறதோ அவருடைய ஆள் அந்த வாடிக்கையாளர். அடியில் 'குறிப்பு' என்று இன்னொரு கட்டம்.

மற்ற விற்பனைக்காரர்கள் குறிப்புக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். மூத்தவர் விடமாட்டார். வெயிலில் அலைந்துவிட்டு சாயங்காலம் வந்து, சட்டைக் காலரைப் பின்னால் இழுத்துவிட்டுக்கொண்டு, மனைவியின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லுவார்.

"பாலத்துக்கடைக்காரருக்குச் சர்க்கரை வியாதி, இனிப்பு எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு போடு. அண்ணன் தம்பி நடத்துற கடையில சின்னவர்கிட்டதான் பேசணும், பெரியவருக்குக் காது கேக்காது. ஸ்டேஷன் கடைக்காரர் காலையில பத்துலருந்து ஒண்ணு வரைக்கும் தூங்குவார். அந்த நேரத்துல போன் பண்ணவே கூடாது."

அவள் தட்டுவாள். பதினான்கு வருஷத்தில் அவர் பேரில் இருநூற்றுப் பன்னிரண்டு கார்டுகள் சேர்ந்திருந்தன. தம்பியை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதும் அவர்தான். தம்பி பேரில் முப்பத்தொன்று.

மூத்தவருக்குத் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. பேசிப் பேசிப் பிழைத்த மனுஷனுக்குப் பேச்சு கரகரத்து, பிறகு காற்றாகி, ஆபரேஷன் வரைக்கும் போய்விட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே விடாமல் மழை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஈரக்குடைகளுக்கு நடுவே அவள் நின்றுகொண்டிருந்தபோது கொழுந்தன் போன் பண்ணினான்.

"அண்ணி, அண்ணனை உள்ளே கூட்டிட்டுப் போயிட்டாங்களா?"

"இப்பதான்."

"ஒண்ணும் ஆகாது அண்ணி, தைரியமா இருங்க. நான் மத்தியானம் வந்துடறேன். இங்க அண்ணனோட கஸ்டமருங்க போன் மேல போன். யாருக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியல. அவர் பாஸ்வேர்டு மட்டும் சொன்னீங்கன்னா கார்டைப் பாத்துப் பதில் சொல்லிடுவேன்."

அவள் சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாக, இரண்டு தடவை சொன்னாள்.

கட்டி சாதாரணக் கட்டிதான் என்று வந்தது. உயிருக்குப் பயமில்லை. குரல் திரும்ப ஆறு மாதம் ஆகலாம், பழைய குரலாக இருக்காது என்றார் டாக்டர். ஆறு வாரம் கஞ்சியும் பாலில் நனைத்த ரொட்டியுமாக ஓடியது. கொழுந்தன் தினமும் மாடியிலிருந்து இறங்கிவந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ பேசாதே, நான் பேசறேன்" என்று ஆபீஸ் கதையெல்லாம் சொன்னான். ஓரகத்தி சிரித்துக்கொண்டே பழச்சாறு கொண்டுவந்தாள். கார்டக்காவும் லீவில் இருந்ததால் ஆபீஸில் நடந்தது ஒன்றும் தெரியவில்லை.

கணவனும் மனைவியும் ஒரே நாளில் வேலைக்குத் திரும்பினார்கள். மூத்தவர் தன் பேரில் உள்ளே போய்ப் பார்த்தார். திரையில், 'உங்கள் பொறுப்பில் வாடிக்கையாளர் எவரும் இல்லை' என்று வந்தது. இன்னொரு தடவை போய்ப் பார்த்தார். பிறகு மனைவியை நோக்கித் திரும்பி, கையை மட்டும் விரித்துக் காட்டினார்.

அவள் பாலத்துக்கடைக் கார்டைத் திறந்தாள். பொறுப்பாளர் கட்டத்தில் கொழுந்தன் பேர். ஸ்டேஷன் கடை, கொழுந்தன் பேர். இருநூற்றுப் பன்னிரண்டையும் பார்த்து முடிக்க மத்தியானம் ஆயிற்று. அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மேனேஜரிடம் போனாள். அவர் நல்லவருமில்லை, கெட்டவருமில்லை. மாதக்கடைசி எண்ணிக்கை சரியாக இருந்தால் அவருக்குப் போதும்.

"என்னம்மா பண்றது? அவராத்தான் தம்பிக்குக் குடுத்துட்டாரேன்னு நெனச்சேன். அவர் பாஸ்வேர்டுல உள்ள போய்த்தான் மாத்தியிருக்கு. சிஸ்டம் அப்படித்தான் சொல்லுது."

"எந்தத் தேதி, எத்தனை மணிக்கு மாத்தினாங்கன்னு பாருங்க சார்."

"அதுக்கு மாற்றப் பதிவைத் திறக்கணும். அதை நான் திறக்க முடியாது, தலைமை ஆபீஸ்தான் திறக்கும். வாடிக்கையாளர் யாராவது எழுத்துல புகார் குடுத்தாத்தான் திறப்பாங்க. ஊழியருங்க சண்டைக்கெல்லாம் திறக்க மாட்டாங்க." குரலைத் தாழ்த்தினார். "அவருக்கு இப்பப் பேசவும் வரல. கொஞ்ச நாள் குடோனைப் பாத்துக்கட்டும்."

மூத்தவர் குடோனுக்குப் போனார். தகரக் கூரை, மரப்பெட்டிகள், கிரீஸ் வாடை. வந்த பெட்டியில் நம்பர் ஒட்டுகிற வேலை. அதற்குப் பேச்சு தேவையில்லை.

அன்று சாயங்காலமே அவள் மாடிப்படியில் கொழுந்தனை மறித்தாள்.

"பதில் சொல்றதுக்குத்தானே பாஸ்வேர்டு கேட்டே?"

"அண்ணி, உள்ளே வந்து பேசலாமே."

"இங்கயே சொல்லு."

அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டான். "அண்ணனுக்குக் குரல் வரலன்னா அந்தக் கடைங்களை வேற கம்பெனிக்காரன் கொத்திட்டுப் போவான். அதுக்கு நான் எடுத்துக்கிட்டா என்ன தப்பு? வீட்டுக்குள்ளதானே இருக்கு?"

"கேட்டு எடுத்திருக்கலாமே."

"கேட்டா நீங்க குடுத்திருப்பீங்களா?" அவன் முகத்தில் வேறு ஏதோ ஒன்று ஏறியது. "ஒம்போது வருஷம் அண்ணி. எந்தக் கடைக்குப் போனாலும், 'மூத்தவர் தம்பியா, வாங்க, அவர் எப்படி இருக்கார்'. எனக்கு ஒரு டீ குடுத்து அவரைப் பத்திப் பேசி அனுப்புவாங்க. எனக்கு மட்டும் பேர் வேணாமா?"

அவள் படியிறங்கத் திரும்பினாள். அவன் சொன்னதில் பாதி நிஜம் என்று தெரிந்தது. அது அவள் கோபத்தை ஒரு துளிகூடக் குறைக்கவில்லை.

கீழே வந்து கணவரிடம் சொன்னபோது அவர் காற்றுக்குரலில், "விடு, தம்பிதானே" என்றார். அவருக்கு விட்டுவிட முடிந்தது. பாஸ்வேர்டைச் சொன்ன வாய் அவருடையதல்ல.

சின்னச் சின்னதாகத்தான் ஆரம்பித்தாள். குறிப்புகளைத் திருத்துவது அவள் அன்றாட வேலை. ஒரு நாளைக்கு இருபது, முப்பது திருத்தம் போகும், யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். இளையவனோ கார்டைப் பார்க்காமல் ஒரு கடைக்கும் போகமாட்டான். அண்ணனுக்கு எல்லாம் தலைக்குள் இருந்தது. இவனுக்குக் கையிலிருந்த போனில் இருந்தது.

ஸ்டேஷன் கடைக்காரரை எப்போது கூப்பிட வேண்டும் என்கிற இடத்தில், 'காலை பதினொன்று' என்று மாற்றினாள். பாலத்துக்கடைக் குறிப்பில் சர்க்கரை வியாதியையும் 'கூடாது' என்ற சொல்லையும் எடுத்துவிட்டு, 'இனிப்பு எடுத்துப் போகவும்' என்று ஆக்கினாள். அண்ணன் தம்பி கடைக்குப் பெரியவரிடம் பேசச் சொல்லி மாற்றி எழுதினாள்.

ஆபீஸில் மெஷின் ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக் ஒருவன் இருந்தான். ஸ்பேனர் என்று பேர். கடை கடையாகப் போகிறவன், எல்லாக் கதையும் அவனிடம் வந்துவிடும். டீ நேரத்தில் அவள் மேஜை ஓரத்தில் சாய்ந்துகொண்டு சொல்லுவான்.

"அக்கா, இளையவருக்கு என்னாச்சுன்னே தெரியல. ஸ்டேஷன் கடைக்காரரைத் தூக்கத்துல எழுப்பி விட்டிருக்கார். அவர் போன்லயே இவர் ஏழு தலைமுறையையும் இழுத்துட்டார். பாலத்துக்கடைக்கு ரெண்டு கிலோ இனிப்போட போயிருக்கார். அந்தம்மா, 'என் புருஷனைக் கொல்லவா வந்தே'ன்னு பெட்டியை ரோட்டுல வீசிட்டாங்க. அண்ணன் தம்பி கடையில அந்தச் செவிட்டு மனுஷர்கிட்ட முக்கால் மணி நேரம் கத்தியிருக்கார் அக்கா! கடைசியில அவர், 'பன்னு தீந்துபோச்சுப்பா, நாளைக்கு வா'ன்னாராம்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு தட்டிக்கொண்டே இருந்தாள். வயிற்றுக்குள் வெல்லக்கட்டி கரைகிற மாதிரி இருந்தது. அன்றைக்கு அவளுக்கு நன்றாகப் பசித்தது.

ஆனால் யாரும் எழுத்தில் புகார் கொடுக்கவில்லை. திட்டினார்கள், போனை வைத்தார்கள், அதோடு மறந்தார்கள். இரண்டு மாதம் போயிற்று. இளையவன் பேர் அந்த மாதம் ஆபீஸ் விற்பனைப் பலகையில் முதலாவதாக வந்தது. கைதட்டினார்கள். அவளும் தட்ட வேண்டியிருந்தது. கைதட்டிவிட்டுத் திரும்பும்போது, குடோன் கதவருகே தோளில் பெட்டியோடு நின்று கணவரும் ஒரு கையால் தொடையில் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

யார் எழுதிக் கொடுப்பார் என்று அப்போது யோசித்தாள். அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மூலை பேக்கரிக்காரர்.

மூலை பேக்கரிக்காரர் கண்டிப்பான மனுஷர். ஒரு ரொட்டி கருகினாலும் அந்தத் தட்டையே தள்ளிவிடுவார். மூன்று வருஷத்துக்கு முன் அவர் மனைவி இறந்துபோனாள். சாவுக்கு வந்த மூத்தவர், கடை அடுப்பு அணையாமல் மூன்று நாள் தானே நின்று ரொட்டி சுட்டுக் கொடுத்தார். அந்த வாரம் வந்து அவர் சொல்லி அவள் தட்டிய குறிப்பு இது: 'மனைவி காலமாகிவிட்டார். அந்த அம்மாவைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம். திருமண நாளன்று யாரும் கடைக்குப் போகவே வேண்டாம்.' தேதியும் இருந்தது. இன்னும் ஒன்பது நாளில் வந்தது அந்தத் தேதி. அந்தக் கார்டில் ஒரு பெரிய அடுப்புக்குப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. நான்கு அடுக்கு அடுப்பு, ஒரு கையெழுத்துதான் பாக்கி.

அந்தக் கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு டீ ஆறுகிற நேரம் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பழிக்கு நடுவில் அவர் எங்கே வந்தார் என்று ஒரு கேள்வி எழத்தான் எழுந்தது. பலகையில் இருந்த பேரை நிமிர்ந்து பார்த்தாள். அந்த வரியை அழித்துவிட்டு எழுதினாள்: 'திருமண நாளுக்கு நேரில் போய் இருவரையும் வாழ்த்தினால் மகிழ்வார். எதையும் மனைவியைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்.' நினைவூட்டலையும் அந்தத் தேதிக்கே வைத்தாள். ஆறிய டீயைக் குடித்தாள்.

பத்தாம் நாள் ஸ்பேனர் வந்தபோது சாயவில்லை, சிரிக்கவும் இல்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"நேத்து நான் அங்கதான் இருந்தேன் அக்கா. பிசையற மெஷின் பெல்ட் அறுந்துபோச்சுன்னு விடியக்காலையில போன் பண்ணிட்டார். நான் மெஷினுக்குக் கீழ படுத்திருக்கேன். இளையவர் வர்றார், கையில இம்மாம் பெரிய பூங்கொத்து. 'அண்ணே, கல்யாண நாள் வாழ்த்துக்கள். அண்ணி எங்கே, கூப்பிடுங்க, ரெண்டு பேரும் சேந்து நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்'கிறார். உள்ளே ஆறு பேர் மாவு வெட்டிட்டு இருந்தாங்க. ஆறு பேர் கையும் நின்னுபோச்சு."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணுமே சொல்லல அக்கா. அடிச்சிருந்தாக்கூடப் பரவால்ல. 'யாருப்பா உனக்குச் சொன்னது'ன்னார். இளையவர் சிரிச்சுக்கிட்டே போனை நீட்டறார், 'எல்லாம் சிஸ்டத்துல இருக்குண்ணே'ன்னு. அதை வாங்கி எழுத்துக்கூட்டிப் படிச்சார். ரெண்டு தடவை படிச்சார். கண் இமையெல்லாம் மாவு. அப்புறம் பூவை வாங்கிக் கல்லாமேல வச்சுட்டு, 'போயிட்டு வா'ன்னார். அவ்வளவுதான். நான் பெல்ட் மாட்டி முடிக்கற வரைக்கும் அங்கயே நின்னுட்டிருந்தார். அடுப்புல இருந்த ரொட்டி கருகிச்சு. எடுக்கல."

அவளுக்கு எதிர்பார்த்த வெல்லம் கரையவில்லை. ஆனால் மறுநாள் புகார்க் கடிதம் வந்துவிட்டது என்று தெரிந்தபோது, மேஜைக்கு அடியில் கையை இறுக்கி மூடிக்கொண்டாள்.

தலைமை ஆபீஸிலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வந்தார். மெலிந்த பெண்மணி, அடிக்கடி தும்மினார். மேனேஜர் அறையில் ஒரு பக்கம் இளையவன், ஒரு பக்கம் கார்டக்கா. குடோனிலிருந்து மூத்தவரையும் கூப்பிட்டிருந்தார்கள். நடுவில், மேஜைமேல், மூலை பேக்கரிக் கார்டின் மாற்றப் பதிவு ஒரே தாளில் இருந்தது.

"கடைசி மாற்றம் குறிப்புலயும் நினைவூட்டல்லயும். பதினெட்டு நாள் முன்னாடி. உங்க பேர்ல இருக்கு" என்றார் அதிகாரி அவளைப் பார்த்து. "கை தவறிப்போச்சா?"

"இல்லை மேடம். தெரிஞ்சுதான் மாத்தினேன்."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். இளையவன், "அண்ணி!" என்றான்.

"எதுக்கு?"

"இந்தத் தாளை யாராவது திறக்கணும்னுதான். அதுக்கு முந்தின வரியைப் படிங்க மேடம்."

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு படித்தார். "பொறுப்பாளர் மாற்றம். மூத்தவர் பேர்லருந்து இளையவர் பேருக்கு. மாத்தினது மூத்தவர். செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாப்பது நிமிஷம். மூணாம் நம்பர் கம்ப்யூட்டர்."

அவள் கைப்பையிலிருந்து ஆஸ்பத்திரித் தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். அதே தேதி. மயக்க மருந்து கொடுத்தது ஒன்பது ஐம்பது. அறையை விட்டு வெளியே கொண்டுவந்தது ஒன்று பத்து.

"கழுத்தை அறுத்துப் போட்டுக் கிடந்த மனுஷன், பத்து நாப்பதுக்கு மூணாம் நம்பர் கம்ப்யூட்டர்ல வந்து உக்காந்தாரான்னு கேளுங்க மேடம்."

அதிகாரி இரண்டு தாளையும் விளிம்பு சேர்த்து வைத்தார். மூணாம் நம்பர் யாருடைய மேஜை என்று அவர் கேட்கவேண்டியே இருக்கவில்லை, இளையவன் முகமே சொல்லிவிட்டது. முதலில் காது வெளுத்தது, பிறகு உதடு. "அண்ணிதான் பாஸ்வேர்டு குடுத்தாங்க" என்றான். குழந்தை மாட்டிக்கொண்டு சொல்கிற மாதிரி இருந்தது.

"ஆமா, குடுத்தேன். அதையும் எழுதிக்கோங்க" என்றாள்.

அவள் அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இத்தனை நாள் காத்திருந்தது அதற்குத்தான். ஒரு நிமிஷம் கழித்துத்தான் கணவர் பக்கம் பார்த்தாள். அவர் தம்பியைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மேஜைமேல் இருந்த தாளில், அவள் அழித்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

அந்த வாரமே உத்தரவு வந்தது. இளையவனுக்கு வேலை போயிற்று. பாஸ்வேர்டு கொடுத்ததற்கும் குறிப்பைக் கெடுத்ததற்குமாக அவளுக்கும் போயிற்று. அது அவளுக்குத் தெரிந்ததுதான். மூத்தவர் பேரில் இருநூற்றுப் பதினோரு கார்டுகள் திரும்பி வந்தன. மூலை பேக்கரிக்காரர் தன் பேரையே எடுத்துவிடச் சொல்லி எழுதியிருந்தார். அடுப்பை வேறு கம்பெனியில் வாங்கிக்கொண்டார்.

மாடி வீடு காலியாயிற்று. சாமான் இறக்குகிற அன்று தூறல். ஓரகத்தி கடைசியாக இறங்கினாள், கையில் ஒரு கண்ணாடி. கீழ்ப்படியில் நின்று, "அவர் செஞ்சது தப்புதான் அக்கா. ஆனா நீங்க கூப்பிட்டு நாலு அறை விட்டிருக்கலாம்" என்றாள்.

"அறைஞ்சா நாலு நாள்ல சரியாப் போயிருக்கும்" என்றாள் இவள்.

மூத்தவர் அவளிடம் பேசவில்லை. குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. காலையில் வாசலில் நின்று கடைக்காரர்களோடு போனில் கரகரவென்று பேசுவது கேட்கும். போனை வைத்துவிட்டு வீட்டுக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடும். சாப்பாட்டை வாங்கிக்கொள்வார், தட்டைக் கழுவி வைப்பார். எட்டாவது நாள் செருப்பு மாட்டும்போது மட்டும் சொன்னார்.

"அவனுக்குச் செஞ்சதை நான் கேக்கல. அந்த வரியை நான் சொன்னேன், நீ எழுதினே. எழுதும்போது நீ அழுதே. ஞாபகமிருக்கா?"

அவளுக்கு ஞாபகமிருந்தது.

அன்று மத்தியானமே மூலை பேக்கரிக்குப் போனாள். வெயில் தார் உருகுகிற வெயில். கடைக்குள் அதைவிடச் சூடு. நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள். தன் முறை வரும்வரை அவளும் நின்றாள். பேக்கரிக்காரர் கல்லாவுக்குப் பின்னால் நீள மேஜையில் மாவை வெட்டி எடை போட்டுக்கொண்டிருந்தார். வெட்டுவார், தராசில் போடுவார், ஒரு கிள்ளு எடுப்பார் அல்லது ஒட்டுவார்.

"அண்ணே, நான் மூத்தவர் சம்சாரம்."

"தெரியும்."

"அதை மாத்தினது நான்தான்."

"அதுவும் தெரியும். கம்பெனியிலருந்து கடுதாசி வந்துது." அவர் கை நிற்கவில்லை. "என் மேல உனக்கு ஏதாவது கோபமாம்மா?"

"இல்லண்ணே. சத்தியமா இல்ல."

"அப்போ இதுக்குள்ள எதுக்கு என் பொண்டாட்டியை இழுத்தே?"

"நீங்கதான் எழுதிக் குடுப்பீங்கன்னு தெரியும். வேற யாரும் குடுக்க மாட்டாங்க."

அவர் ஒரு உருண்டையைத் தராசில் போட்டார். சரியாக இருந்தது. "அவன் போயிட்டானா?"

"போயிட்டான்."

"உன் வீட்டுக்காரருக்குக் கடையெல்லாம் திரும்ப வந்துட்டுதா?"

"வந்துடுச்சுண்ணே."

"அப்போ நீ ஜெயிச்சுட்டே."

"ஆமாண்ணே."

"சந்தோஷமா இருக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லத்தான் வழியெல்லாம் மனசுக்குள் பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தாள். அந்த மனுஷர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்ணுக்கு முன்னால் பொய் வரவில்லை.

"இருக்குண்ணே."

அவர் தலையாட்டினார். கோபித்துக்கொள்ளவில்லை. "நல்லது. உண்மையைச் சொன்னே. அதை வச்சுக்கோம்மா, யாரும் உன்கிட்டருந்து பிடுங்கப் போறதில்ல. ஆனா அதையும் வச்சுக்கிட்டு, என்கிட்ட வந்து மன்னிப்பும் குடுன்னு நிக்காதே. அது என்கிட்ட இல்ல."

"அண்ணே, நான்..."

அடுப்புக் கதவு திறந்தது. அவர் இரண்டு கையிலும் கந்தல் துணியைச் சுற்றிக்கொண்டு, தகதகக்கிற நீளத் தட்டை உருவித் தூக்கினார்.

"வழி விடும்மா. சுட்டுடும்."

அவள் ஒதுங்கினாள். ஒதுங்கிய இடத்துக்குப் பின்னால் நின்ற பெண் நகர்ந்து வந்து, நாலு ரொட்டி என்றாள்.

வெளியே வெயில் அப்படியே இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. நிழலில்லாத தெருவில் பாதி தூரம் நடந்த பிறகு, மேனேஜர் அறையில் கொழுந்தன் முகம் வெளுத்ததை ஒரு தடவை நினைத்துப் பார்த்தாள். முதலில் காது, பிறகு உதடு. இன்னும் இனித்தது. மூலை பேக்கரிக்குப் போய்வந்தேன் என்று சாயங்காலம் சொன்னால் கணவர் கேட்பார், வாயைத் திறந்து கேட்பார், பேக்கரிக்காரர் என்ன சொன்னார் என்று. அதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல் அவள் நடந்துகொண்டே இருந்தாள்.